தாழ் திறக்கும் வரை

முதல் குழந்தை செவ்வாய்க்கிழமை காலையில் பிறந்துவிட்டது. இரண்டாவது இன்னும் உள்ளேயே இருந்தது. அதை எப்போது பிறக்க விடுவது என்பதைப் பற்றிப் பேசத்தான் டாக்டர் ரெஹானா கட்டிலுக்கு அருகில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கட்டிலில் இருந்தவள் கோகிலவாணி. வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் அரசு கால்நடை மருந்தகத்தில் டாக்டர். வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். ஆறாம் மாதம் இன்னும் முடியவில்லை. முந்தின நாள் மதியம் ஒரு கன்றுக்குட்டியின் காதில் அடையாளச் சில்லு பொருத்திக்கொண்டிருந்தபோது இடுப்பில் ஒரு பிடிப்பு வந்தது. வாயுப்பிடிப்பு என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் குடித்தாள். சாயங்காலம் அவள் கணவன் சம்பத் அவளைக் காரின் பின்சீட்டில் படுக்கவைத்துக் கோயமுத்தூருக்கு ஓட்டி வந்தபோது, பல்லடம் தாண்டுவதற்குள் பனிக்குடம் உடைந்துவிட்டது.

"முதல் பொண்ணோட கொடியைக் கட்டி விட்டுட்டோம்," என்றார் ரெஹானா. "ரெண்டு பேரும் தனித்தனிப் பனிக்குடத்துல இருந்ததால ரெண்டாவது குழந்தைக்கு ஒண்ணும் ஆகலை. ஒண்ணு வெளிய வந்ததும் கர்ப்பப்பை கொஞ்சம் அசந்துபோய் நிக்குது. இப்படி ஒரு இடைவெளி எப்பவாவதுதான் கிடைக்கும். பெரும்பாலும் இன்னைக்குள்ளயே மறுபடி வலி எடுத்துரும்."

"எடுத்தா?"

"இதுவும் அது மாதிரிதான் வரும்."

அது மாதிரி என்றால் எப்படி என்று வாணி இன்னும் பார்க்கவில்லை. பிறந்ததும் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். சம்பத்தான் பின்னாலேயே போய்க் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு வந்திருந்தான். வந்தவன் உள்ளங்கையை விரித்து அவளிடம் காட்டினான், இவ்வளவுதான் என்பதுபோல.

"வலியை நிறுத்த மருந்து இருக்குமே மேடம்?"

"இருக்கு. எல்லாம் ரெண்டு நாள் தாங்கும். குழந்தையோட நுரையீரல் பலப்பட ஊசி போடறதுக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தறதுக்கு, அந்த ரெண்டு நாள் உதவும். அதுக்கு மேல நிக்காது. ஒரு வாசலை அடைச்சா உடம்பு இன்னொரு வாசலைக் கண்டுபிடிச்சுரும்." ரெஹானா ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். "இப்ப புதுசா ஒண்ணு சோதனையில இருக்கு. பேரு வாயில நுழையாது. வார்டுல நாங்க 'தாழ்'னு சொல்றோம். பிரசவ வலியைக் கொண்டு வர்ற ஆக்ஸிடோசின் உங்களுக்குத் தெரியாம இருக்காது."

"பால் ஊசி," என்றாள் வாணி. "கறவை மாட்டுக்குத் திருட்டுத்தனமாப் போடறவங்களைப் புடிக்கறதே எனக்குப் பாதி வேலைங்க."

"அதேதான். பழைய மருந்து அதைக் கர்ப்பப்பையில மட்டும் தடுக்கும். தாழ் மூளைக்குள்ளயே போய்த் தடுக்குது. அதனாலதான் நிக்குது. மூணு மாசம்கூட நின்னிருக்கு."

வலி எடுப்பதைக் காட்ட வாணியின் வயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்த பட்டையில் ஒரு சிறிய விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"மூளையில அது வேலை செய்யலைன்னா செம்மறி குட்டியை மோந்துகூடப் பாக்காதுங்க. முட்டித் தள்ளிரும்," என்றாள்.

"இதை எப்படி உங்ககிட்டச் சொல்றதுன்னு யோசிச்சுட்டே வந்தேன். நீங்களே சொல்லிட்டீங்க." ரெஹானா தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மருந்து எடுத்தவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னாங்க. பசிக்கும், சிரிப்பு வரும், கோவம் வரும், பயம்கூட வரும். யார் மேலயும் ஒட்டறது மட்டும் இருக்காது. மருந்தை நிறுத்தினதும் எல்லாருக்கும் சரியாயிருச்சு. ஆனா அவங்களுக்கெல்லாம் ஒரே குழந்தை, அதுவும் வயித்துல. வெளிய ஒரு குழந்தையை வெச்சுக்கிட்டு இந்த மருந்தை எடுக்கப்போற முதல் ஆள் நீங்க. என்ன ஆகும்னு எனக்கு நிஜமாவே தெரியாது. பாலும் வராது. முதல் குழந்தைக்குப் பால் வங்கியில இருந்துதான் வாங்கணும்."

கதவோரம் நின்றிருந்த சம்பத் முதல்முறையாகப் பேசினான். அவன் காங்கயத்தில் தேங்காயைக் காயவைத்துக் கொப்பரையாக்கும் களம் வைத்திருப்பவன். ஆஸ்பத்திரிகளில் குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாது.

"எங்களையெல்லாம் மறந்துருவாளுங்களா?"

"மறக்க மாட்டாங்க. எல்லாம் ஞாபகம் இருக்கும். ஒட்டாது, அவ்வளவுதான்."

அப்போது பட்டையிலிருந்த விளக்கு மஞ்சளாக மாறியது. வாணிக்கு அடிவயிறு மெல்ல இறுகித் தளர்ந்தது. மூவரும் அதைப் பார்த்தார்கள்.

"போடுங்க மேடம்," என்றாள் வாணி. "உள்ள இருக்கறவ உள்ளயே இருக்கட்டும்."

இடது கையின் மேல்பகுதியில் தீப்பெட்டி அளவில் ஒரு பம்ப்பை ஒட்டினார்கள். மாலைக்குள் விளக்கு மறுபடி பச்சையாகி, அப்படியே நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் சம்பத் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டபோதுதான் வாணி மாற்றத்தைக் கவனித்தாள். கை சூடாக இருந்தது. விரலோரத்தில் கொப்பரை வெட்டும் கத்தி கீறிய பழைய தழும்பு இருந்தது. அதற்குமேல் எதுவும் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் கை தவறிப் பட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அவள் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். நல்ல மனிதர், தூங்கவில்லை, தாடி மழிக்கவில்லை. இவை எல்லாம் தெரிந்தன.

"என்ன அப்படிப் பாக்கற?"

"ஒண்ணும் தோணலைங்க."

அவன் சிரிக்கப் பார்த்தான். "மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். நல்லதுதான?"

"நல்லதுதானுங்க."

அன்று சக்கர நாற்காலியில் அவளைப் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குத் தள்ளிப் போனார்கள். அங்கே பொறுப்பில் இருந்தவர் சிஸ்டர் பிலோமினா, நாகர்கோவில்காரர். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வைத்துவிட்டு, ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நிறுத்தினார்.

குழந்தை சிவப்பாக இருந்தது. தோல் அவ்வளவு மெல்லிசு, உள்ளே ஓடும் நரம்பு எல்லாம் தெரிந்தது. இமைகள் இன்னும் பிரியவில்லை. மூக்கிலும் வாயிலும் குழாய்கள். மூச்சை இயந்திரம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்கி வெளியே வந்தது. பின்னால் நின்ற சம்பத் ஒருமுறை எட்டிப் பார்த்தான். தோள்கள் குலுங்க முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

வாணி நன்றாகக் குனிந்து பார்த்தாள். அவளுக்கு இரக்கம் வரவில்லை, பயம் வரவில்லை. ஆர்வம் வந்தது. இவ்வளவு சிறிய விலா எலும்பை அவள் எந்தக் குட்டியிடமும் பார்த்ததில்லை.

"காத்து எவ்வளவு அழுத்தத்துல குடுக்கறீங்க சிஸ்டர்?"

பிலோமினா அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார். பிறகு வாணி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சொன்னார். அந்த அறைக்கு வந்த எந்தத் தாயும் அதுவரை அத்தனை கேள்வி கேட்டதில்லை.

வார்டுக்குத் திரும்பியதும் வாணிக்குப் பசித்தது. மதியச் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட்டாள். சாயங்காலம் குழந்தையைப் பார்க்கப் போகலாமா என்று செவிலியர் கேட்டபோது, "வேண்டாம், தேவையில்லை" என்று அவள் வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகு அதைப் பற்றி யோசித்தாள். அடுத்த நாள் ரெஹானா வந்தபோது விஷயத்தை எடுத்தாள்.

"தாய் ஆடு குட்டியைச் சேத்துக்கலைன்னா நாங்க ஆட்டைத் திட்ட மாட்டோங்க மேடம். கழுத்தைக் கம்புல கட்டிப் போட்டுட்டு, குட்டியை மடியில விடுவோம். நாலஞ்சு நாள்ல சில ஆடு பழகிக்கும். பழகாட்டியும் பரவாயில்ல, குட்டிக்குப் பால் கிடைச்சுருதுல்ல."

"சரி. அதுக்கு?"

"என்னையும் அப்படிக் கட்டிப் போடுங்க. எனக்குப் போகத் தோணாது. தோணுதான்னு என்கிட்டக் கேக்க வேண்டாம். காலையில சாப்பிட்டதும் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. தள்ளிட்டுப் போய் உக்கார வெச்சுருங்க."

ரெஹானா சிரிக்கவில்லை. "நெஞ்சுல போட்டுக்கச் சொல்லலாம். தோலோடு தோல். சாதாரணமா அதுவே ஆக்ஸிடோசினைத் தூண்டி வலியைக் கொண்டு வந்துரும். தாழ் இருக்கறதால வராதுன்னு நினைக்கிறேன். பட்டையில விளக்கைப் பாத்துக்கிட்டே செய்யலாம்."

அப்படியே செய்தார்கள். குழந்தை கொஞ்சம் தேறியதும், குழாய்களோடு சேர்த்து எடுத்து வாணியின் நெஞ்சில் படுக்கவைத்து மேலே துணி போர்த்தினார் பிலோமினா. வாணிக்கு அது ஒரு சின்ன ஈரமான சூடு, அவ்வளவுதான். ஆனால் திரையில் குழந்தையின் இதயத் துடிப்பு மெல்ல இறங்கி ஒரு சீருக்கு வந்தது. ஆக்ஸிஜன் தேவையும் குறைந்தது. வயிற்றுப் பட்டையில் விளக்கு பச்சையாகவே இருந்தது.

"இவளுக்கு என்னைப் புடிச்சிருக்கா சிஸ்டர்?" வாணி உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"பின்ன, பாக்கலியா?" பிலோமினா திரையைக் காட்டினார்.

"எனக்கு ஒண்ணும் தோணலையே."

"நீங்க என்ன நினைக்கீங்கன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? நெஞ்சு கிடைச்சிட்டு, சூடு கிடைச்சிட்டு. அவ காரியம் நடந்தாச்சு."

இது வாணிக்கு ரொம்பவும் சுவாரசியமாக இருந்தது. அன்பு என்று ஒன்று தன் பக்கத்தில் இல்லாதபோதும் குழந்தையின் பக்கத்தில் எதுவும் குறையவில்லை. அப்படியானால் அது யாருக்காக இருக்கிறது? பல நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் இதையே யோசித்தாள். யோசித்தபடி பார்த்தாள். பார்ப்பதைத் தவிர அங்கே அவளுக்கு வேறு வேலை இருக்கவில்லை.

பெட்டியில் எழுதுவதற்குப் பெயர் வேண்டும் என்றார்கள். சம்பத் தாரணி என்று வைத்தான். அவன் தினமும் களத்தை ஆள்காரர்களிடம் விட்டுவிட்டு வந்தான். கண்ணாடிக்கு முன்னால் வந்து நிற்பான், இரண்டு நிமிடத்தில் கண் நிறைந்துவிடும், வெளியே போய்விடுவான். அவனுடைய அம்மா ருக்மணி வந்த அன்று தாரணிக்குக் காய்ச்சல். வாணி கட்டிலில் உட்கார்ந்து இட்லிக்குச் சட்னி போதவில்லை என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ருக்மணி பார்த்துவிட்டு வராந்தாவுக்குப் போனார். கதவு முழுவதும் சாத்தியிருக்கவில்லை.

"கல்லு மாதிரி உக்காந்து திங்கறாடா. என்ன மருந்தோ எழவோ. புள்ளை அங்க கெடந்து துடிக்குது."

"அவளுக்காகத் திங்கல அம்மா, உள்ள இருக்கறதுக்காகத் திங்கறா," என்றான் சம்பத். ஆனால் அவன் குரலில் நம்பிக்கை குறைந்திருந்தது.

வாணிக்கு அது கேட்டது. கோபம் கொஞ்சம் வந்தது. பிறகு மாமியார் சொன்னதில் தப்பு என்ன என்று யோசித்துப் பார்த்தாள். பெரிதாக ஒன்றும் இல்லை என்று தோன்றியது.

தாரணிக்கு ஐந்து வாரம் ஆனபோது வயிறு உப்பியது. இரண்டு நாளில் தோல் கருத்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் குடல் நோய். அறுவை செய்து பார்த்தவர்கள் பெரும்பகுதிக் குடல் செத்துப்போயிருப்பதைப் பார்த்து அப்படியே மூடிவிட்டார்கள். இன்னும் ஒன்றிரண்டு நாள் தாங்கலாம் என்று ரெஹானா வந்து சொன்னார். மதிய வேளை. சம்பத் சுவரில் சாய்ந்து நின்று கேட்டான்.

"அந்தப் பம்ப்பைக் கழட்டுங்க மேடம்," என்றான்.

ரெஹானா அவனைப் பார்த்தார்.

"கழட்டுனா எத்தனை நேரத்துல வாணி பழையபடி ஆவா?"

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பாதி இறங்கிரும். ஆனா கூடவே வலியும் வந்துரும்."

"வரட்டுமுங்க. இப்பப் பொறந்தாக்கூட ரெண்டாவது பொழைச்சுக்கும்னு போன வாரம் நீங்கதான சொன்னீங்க? நான் காசு பணத்துக்குப் பேசலை. எத்தனை மாசம் வேணாலும் ஆஸ்பத்திரியில வெச்சுப் பாக்கறேன். ஆனா தாரணி போறதுக்குள்ள ஒரு தடவையாச்சும் அவளுக்கு அம்மா வேண்டாமுங்களா? இத்தன நாளா அவ ஒரு டாக்டர் நெஞ்சுலதான படுத்திருந்தா?"

"பொழைக்க வாய்ப்பு நல்லாவே இருக்கு," என்றார் ரெஹானா மெதுவாக. "பொழைக்கலாம். தாரணி பட்டதுல பாதி படவும் செய்யலாம். எனக்கு உறுதி சொல்ல முடியாது. முடிவு அவங்களோடது." அவர் வாணியின் பக்கம் திரும்பினார்.

வாணி கேட்டாள்: "இந்தக் குடல் நோய், முந்திப் பொறந்ததாலதான வந்துச்சு?"

"ஆமா."

"அப்ப வேண்டாம்."

சம்பத் கட்டிலுக்கு அருகில் வந்து குனிந்தான். "உனக்கு ஒண்ணும் தோணலைன்னு நீயே சொல்ற. தோணாதவ எப்படி வாணி முடிவு பண்ணுவ?"

"தோணுச்சுன்னா நான் கழட்டத்தான் சொல்லுவேன். அது எனக்குத் தெரியுது. அதனாலதான் இப்பவே சொல்றேன்," என்றாள் அவள். "நான் அழுகறதுக்காக இன்னொருத்தியை வெளிய இழுத்துப் போடச் சொல்றீங்க. எனக்கு ரெண்டு பேர் மேலயும் இப்ப எதுவுமில்ல. ரெண்டு பேரும் ஒண்ணுதான். ஒருத்திக்குச் செய்யறதுக்கு ஒண்ணும் பாக்கி இல்லைன்னு மேடம் சொல்றாங்க. இன்னொருத்திக்கு இருக்குது."

அவன் நிமிர்ந்தான். நேராக வெளியே போனான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளிடம் பதில் பேசாமல் அவன் போனது அதுதான் முதல்முறை.

மறுநாள் காலையில் தாரணியின் குழாய்களை எடுத்துவிட்டார்கள். வாணியின் நெஞ்சில் வைத்தார்கள். வாணிக்கு அந்த வேளையிலும் எதுவும் வரவில்லை. ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இரண்டு மாதம் கழித்து இந்த உடம்புக்கு வேறொருத்தி திரும்பி வருவாள். வந்ததும் தேடுவாள். அவளுக்குக் குழந்தை இருக்காது. குழந்தையைப் பார்த்த கண் மட்டும் இருக்கும். டூட்டி மாறும்போது அடுத்து வரும் டாக்டரிடம் ஒவ்வொரு மாட்டைப் பற்றியும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். எதையாவது விட்டுவிட்டால் பிறகு கேட்க ஆளில்லை. அதனால் அவள் கண்ணை எடுக்கவில்லை. சம்பத் பக்கத்தில் மண்டியிட்டு, போர்வைக்குள் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தான். வெயில் ஏறும் நேரத்தில் எல்லாம் முடிந்தது. முடிந்ததை முதலில் கண்டவள் வாணிதான். பிலோமினாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

தாரணியை ஊரில் சம்பத்தின் தோட்டத்தில், கிணற்றுமேட்டுக்கு அருகில் புதைத்தார்கள். வாணி ஆஸ்பத்திரியை விட்டு நகர முடியாது. அவள் வராததைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை என்று பிறகு சம்பத் சொன்னான். கேட்காததுதான் அவனுக்கு வலித்திருந்தது.

அடுத்த வாரம் மருந்து ஆய்வுக் குழுவிலிருந்து ஓர் இளம்பெண் டேப்லெட்டோடு வந்து கேள்விகள் கேட்டாள். போன வாரம் அழுதீர்களா? இல்லை. தூக்கம்? நன்றாக வருகிறது. சாப்பாட்டில் விருப்பம்? இருக்கிறது. எதிர்காலத்தைப் பற்றிக் கவலை? குறிப்பாக இல்லை. அவள் தட்டித் தட்டிக் குறித்துக்கொண்டாள். வாணியைப் பற்றிய மற்ற விவரம் எதுவும் அவளுக்குச் சொல்லப்படவில்லை போலிருந்தது.

"மனநிலை ரொம்ப நல்லா இருக்கு மேடம். எங்க குழுவிலயே நீங்கதான் முதல்," என்றாள்.

"போன வாரம் என் மூத்த பொண்ணு செத்துப்போயிட்டாம்மா," என்றாள் வாணி.

அந்தப் பெண்ணின் விரல் அப்படியே நின்றது.

"இதே கேள்வியை மருந்தை நிறுத்தின அப்பறம் கேப்பீங்களா?"

"பிரசவத்தோட எங்க ஆய்வு முடிஞ்சுருது மேடம்."

"முடிக்காதீங்க. அப்பத்தான் கேக்கோணும்." அவள் கடுமையாகச் சொல்லவில்லை, ஒரு பிழையைத் திருத்துகிறவளைப்போலச் சொன்னாள். அன்று மாலை ரெஹானாவிடமும் சொன்னாள். ரெஹானா ஆய்வுக் குழுவுக்கு எழுதினார். மாதக் கணக்கில் இழுத்து, ஒருவழியாகப் பிரசவத்துக்குப் பின் ஓராண்டு வரை பார்ப்பது என்று மாற்றினார்கள்.

சம்பத் சில நாட்கள் வரவே இல்லை. ருக்மணிதான் சாப்பாடு கொடுத்தனுப்பினார். பிறகு அவனே கொண்டுவந்தான்; பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சாப்பிட்டதும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனான். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. கொப்பரை காயவில்லை, மழை வந்து கெடுத்தது, களத்துக்கு மேலே கூரை போட வேண்டும். ஒருநாள் வரும்போது முகம் மழித்திருந்தான். ஸ்கேன் திரையில் இரண்டாவது பெண் கட்டைவிரல் சூப்புவதைப் பார்த்துச் சிரித்தான். வாணி அந்தச் சிரிப்பைக் கவனித்தாள். காயம் ஆறிய தோலைப்போல அவன் முகம் சற்று மாறியிருந்தது. அவன் துக்கத்தில் ஒரு சுற்றுப் போய்த் திரும்பிவிட்டான், தான் இன்னும் கிளம்பவே இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

ஒன்பதாம் மாதம் நிறைந்து, குழந்தை நல்ல எடைக்கு வந்ததும், ஒரு காலையில் ரெஹானா பம்ப்பைக் கழற்றினார். அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சதுரம் இருந்தது.

"பயமா இருக்கா?"

"எப்படி வரும்னு பாக்கோணும்," என்றாள் வாணி. "முதல்ல எது வரும், ஒண்ணொண்ணா வருமா, மொத்தமா வருமா?"

"தெரியலை. வந்ததும் சொல்லுங்க."

அவளால் சொல்ல முடியவில்லை. மறுநாள் மதியம் சம்பத் களத்திலிருந்து நேராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது அவன் சட்டையிலிருந்து வந்த கொப்பரை வாசனை அவள் மூக்கில் ஏறியது. இத்தனை நாளும் வந்த அதே வாசனைதான். சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த வேகத்தில் அவன் பயந்துபோனான்.

"என்ன வாணி, வலிக்குதா?"

"இளைச்சுட்டீங்க," என்றாள். "இத்தன இளைச்சதை நான் பாத்துட்டுத்தான இருந்தேன்."

விளக்கு மஞ்சளாகிச் சிவப்பானது. வலி எடுத்தது. முதல் வலி போனதும் அவள் தன் நெஞ்சில் கை வைத்துத் தடவினாள், அங்கே எதையோ தேடுவதுபோல. பிறகு அழ ஆரம்பித்தாள்.

பிரசவ அறையில் இருந்தவர்கள் யாரும் அதை வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை. அழுங்கம்மா, அழுதுக்கிட்டே முக்குங்க என்றார்கள். வலிக்கு நடுவில் அவள் வாயில் வந்த பெயரைச் சம்பத் மட்டும் புரிந்துகொண்டான். தாரணி, தாரணி என்றுதான் அவள் கத்தினாள். இரண்டாவது பெண் அந்தப் பெயருக்கு நடுவே பிறந்தாள். உரத்த குரல், உருண்டைக் கன்னம், விரித்த கண். அவளை நெஞ்சில் வைத்த நொடியில் வாணிக்கு அவள்மேல் வந்த பாசம் மூச்சை அடைத்தது. அதே மூச்சில் மற்றவளும் வந்தாள். இந்தக் கனத்தைத் தாங்கும்போது அந்தக் கனமின்மை நெஞ்சில் தெரிந்தது.

அடுத்த நாளும் அழுகை நிற்கவில்லை. பால் வந்துவிட்டது, குழந்தை குடித்தது, குடிக்கும்போதும் அவள் கண்ணிலிருந்து வழிந்தது. ருக்மணி வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நல்ல நேரத்துல எதுக்குக் கண்ணு அழுகை? அதெல்லாம் முடிஞ்சு எத்தன நாளாச்சு," என்றார். சொன்ன பிறகு மருமகளின் முகத்தைப் பார்த்தார். ஏதோ புரிந்தது. பக்கத்தில் வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இருவரையும் தனியாக விட்டுவிட்டு வெளியே போனார்.

பிற்பகல் ரெஹானா வந்தார். கேட்க நினைத்த எதையும் அவர் கேட்கவில்லை. வாணிதான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சொன்னாள்:

"வெளிய குழந்தை இருக்கறவங்களுக்கு மறுபடி இதைக் குடுக்கறதா இருந்தா, நிறுத்துன அப்பறம் வீட்டுக்காரங்க கூடவே இருக்கோணும்னு சொல்லிருங்க மேடம். அப்பத்தான் லீவு போடோணும். முன்னாடி இல்ல."

"மறுபடி குடுக்கலாம்னு சொல்றீங்களா?"

வாணி மடியில் இருந்தவளைப் பார்த்தாள். "அதை என்கிட்டக் கேக்காதீங்க. அன்னைக்கு இருந்தவகிட்டக் கேட்டிருக்கோணும்."

ரெஹானா போன பிறகு சம்பத் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டான். அவன் அழுது முடித்துப் பல வாரம் ஆகியிருந்தது. அவளோடு சேர்ந்து அழலாம் என்று பார்த்தான், வரவில்லை. வேறொன்றுதான் வந்தது.

"வாணி, நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும். எனக்கு அவ மொகமே நெனப்பு இல்ல."

அவள் நிமிர்ந்தாள்.

"போட்டோவுல பூரா குழாயும் டேப்புமாத்தான் இருக்குது. நேர்ல பாக்கறப்பெல்லாம் கண்ணு மறைச்சுக்கிச்சு. ரெண்டு நிமிசம் நின்னிருப்பனா? உன்னையக் கல்லுன்னு சொன்னாங்க. நானும் மனசுக்குள்ள சொன்னேன். ஆனா நான்தான் அவளைப் பாக்கவே இல்ல."

வாணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சொல்ல ஆரம்பித்தபோது குரல் தெளிவாக இருந்தது.

"வலது காது மேல மடிஞ்சிருக்கும். நெத்தியில முடி கீழ நோக்கி வளந்திருக்கும், உங்க அப்பா மாதிரி. கண்ணு தொறந்தப்ப முதல்ல இடது கண்ணுதான் தொறந்துச்சு. வலதுக்கு இன்னும் ஒரு நாள் ஆச்சு. அந்த ஒரு நாளும் ஒத்தைக் கண்ணுல என்னையப் பாத்தா."

"அப்பறம்?"

"பிலோமினா சிஸ்டர் பாடுனா புருவத்தைச் சுளிப்பா. இயந்திரத்துல மணி அடிச்சாச் சுளிக்க மாட்டா. என்ற நெஞ்சுல படுக்க வெச்சா, மூக்கை எப்பவும் இந்தப் பக்கந்தான் திருப்பிக்குவா. அந்தப் பக்கம் திருப்பி வெச்சாலும் சித்த நேரத்துல இந்தப் பக்கம் வந்துருவா."

"இன்னும் சொல்லு."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய்ந்தது. இத்தனை வாரமாகக் கண் சேர்த்து வைத்திருந்த எல்லாம் இப்போதுதான் அவளுக்கே முதல்முறையாகக் கிடைப்பதுபோல இருந்தது. சில இடங்களில் குரல் தடுக்கி நின்றது, சில இடங்களில் அவளுக்கே சிரிப்பு வந்தது. சம்பத் முன்னால் குனிந்து, ஒரு சொல்லையும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கொட்டாவி விடறப்ப, வாய் தொறக்கறதுக்கு முன்னாடி இடது கை விரிஞ்சுக்கும். அஞ்சு விரலும். அப்பறந்தான் வாய்."

"அது எதுக்கு?"

"தெரியலைங்க. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்."

மடியில் இருந்தவள் குடிப்பதை நிறுத்தினாள். முகம் சுருங்கியது, கொட்டாவி வரப்போகிறது. இருவரும் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு அவளுடைய இடது கையைப் பார்த்தார்கள்.

வாய் பெரிதாகத் திறந்து மூடியது. கை மூடியபடியே இருந்தது.